‘இருக்குமுங்க’ என்று சொன்ன எட்டு மாதம்

போன மாதம் எங்கள் பழைய வானிலைக் களத்தில் ஒரு கம்பம் நட்டார்கள். உச்சியில் வெள்ளைத் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கிய மாதிரி ஒரு கூடு, பக்கத்தில் கைக்குட்டை அளவில் ஒரு சூரியத் தகடு. தானியங்கி என்று பெயர். வெப்பத்தை அதுவே படிக்கும், அதுவே ஆபீசுக்கு அனுப்பிவிடும். கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் பஸ் ஏறிப் போய் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தேன்.

கம்பத்தில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நான் யாரென்று காவலாளி சொல்லியிருப்பார் போல, பக்கத்தில் இருந்த பழைய மரப்பெட்டியைக் காட்டிக் கேட்டாள்.

"ஏனுங்கய்யா, இந்தப் பெட்டியத் தொறந்து மூடறதுக்கா முப்பது வருசம் இருந்தீங்க?"

"முப்பத்தியொண்ணு அம்மணி."

"சலிச்சுப் போகலீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நான் சலித்துப்போகாத ஒரே இடம் அந்தப் பெட்டிதான். அதை நின்ற நிலையில் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஓய்வுபெற்றோர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். இதோ எழுதிவிட்டேன். கையெழுத்து புரியாவிட்டால் கேளுங்கள். எண்கள் மட்டும் நன்றாகப் புரியும்.

நான் எட்டாம் வகுப்பு. அதுவும் முழுப் பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன். அப்புறம் எங்கும் மூன்று மாதம் தரித்ததில்லை. உக்கடத்தில் பரோட்டாக் கடை, திருப்பூரில் சலவைப் பட்டறை, கரும்பு வெட்டு, கிணற்றுக்கு வெடி வைக்கிற கூட்டம். வேலை இல்லாத நாட்களில் உக்கடம் பஸ் நிலையத்துச் சிமெண்டுப் பலகையில் படுத்துக்கொள்வேன். காலையில் யாராவது தட்டி எழுப்பி வேலைக்குக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் பட்டினி. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பலகையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். கடைசியாக மதுக்கரைப் பக்கம் ஒரு சுண்ணாம்புச் சூளை. அடுக்குக் கல், அடுக்குக் கரி என்று மேலிருந்து கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு புருவமும் கருகிப்போய் முகம் உரித்த கோழி மாதிரி ஆனதும் அதையும் விட்டேன். இந்தச் சூளையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

புருவமில்லாத முகத்தோடு பெயிண்ட் அடிக்கப் போன இடம்தான் வானிலைக் களம். புல்தரை, கம்பி வேலி, நடுவில் நாலு கால் மேல் ஒரு மரப்பெட்டி. சுற்றிலும் சாய்வான சட்டங்கள், காற்று புகும், வெயில் புகாது. அதற்கு வெள்ளை அடிக்க வேண்டும். அடித்து முடித்து வாளியைக் கழுவும்போது அதிகாரி வந்தார். கரீம் சார். கோட்டைமேட்டுக்காரர், அவர் அப்பா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். சாருக்கும் அந்தக் கண்தான். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பெயிண்டைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் இருந்த வெப்பமானியைக் காட்டினார்.

"இதப் படிங்க பார்க்கலாம்."

கோடுகளை எண்ணினேன். "இருவத்தெட்டு இருக்குமுங்க."

"இருக்குமா, இருக்குதா?"

இதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ‘இருக்குமுங்க’ என்பது எங்கள் ஊரில் ஒரு மரியாதை. எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும், அது சரியோ தப்போ, அவர் முகம் வாடக் கூடாது என்றால் இதைச் சொல்வோம். இந்த வருடம் மழை எச்சு என்பார் ஒருவர், இருக்குமுங்க. மழையே இல்லை என்பார் அடுத்தவர், அதுவும் இருக்குமுங்க. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரோடும் சண்டை போடாமல் ஒரு ஆயுசை ஓட்டிவிடலாம்.

நான் மறுபடி பார்த்தேன். இருபத்தெட்டுக்கு மேலே நாலு சின்னக் கோடு. சொன்னேன். மறுநாளும் வரச் சொன்னார். அந்த மறுநாள் முப்பத்தியொரு வருடம் நீண்டது.

அவர் கற்றுக்கொடுத்த முறையை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெட்டிக் கதவு வடக்குப் பார்த்திருக்கும், திறந்தால் வெயில் உள்ளே விழாது. காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் வாசிப்பு. பெட்டிக்குப் பத்தடி தூரத்திலேயே நின்று மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். அப்புறம்தான் கதவு. ஏனென்றால் நாமே ஒரு அடுப்பு. நின்ற கொஞ்ச நேரத்தில் நம் உடம்புச் சூடு பட்டு வெப்பமானி ஏற ஆரம்பித்துவிடும். அதனால் முதலில் படிக்க வேண்டியது புள்ளிக்கு அப்புறம் வருகிற எண். சின்னதுதான் சீக்கிரம் ஓடிப்போகும். பெரியது அங்கேயே நிற்கும், அதை நிதானமாகப் பிறகு பார்க்கலாம். "ஆறு... இருவத்திமூணு" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பென்சிலால் 23.6 என்று எழுத வேண்டும். இந்தப் பழக்கம் முற்றிப்போய் ஒரு தடவை என் கல்யாண முகூர்த்த நேரத்தைக் கேட்டவரிடம் நிமிடத்தை முதலில் சொல்லி, மணியை அப்புறம் சொன்னேன். வீட்டுக்காரி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

உள்ளே நாலு வெப்பமானி. இரண்டு நின்றுகொண்டிருக்கும், இரண்டு படுத்துக்கொண்டிருக்கும். நிற்பதில் ஒன்றின் குமிழுக்கு ஈர மல் துணி கட்டியிருக்கும். காக்கைக்கு அந்தத் துணி மேல் அப்படி ஒரு ஆசை. கதவை ஒரு நிமிடம் திறந்து வைத்தால் போயிற்று. படுத்திருப்பதில் ஒன்று நேற்றைய உச்சச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், இன்னொன்று விடியற்காலையின் அடிக் குளிரை. குளிரைப் பிடிப்பதில் பாதரசம் இல்லை, சாராயம். அதற்குள் ஒரு குட்டி ஊசி மிதக்கும். குளிர்ந்து இறங்கும்போது ஊசியையும் இழுத்துக்கொண்டு இறங்கும், திரும்ப ஏறும்போது ஊசியை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். காலையில் போய்ப் பார்த்தால், ராத்திரி எதுவரைக்கும் வந்தேன் என்று அது காட்டும். முதல் நாள் இதைப் பார்த்துக் கைதட்டிவிட்டேன். கரீம் சார் வையவில்லை. "கையத் தட்டினாலும் சூடுங்க, தள்ளி நின்னு தட்டுங்க" என்றார்.

சாரிடம் இரண்டு வழக்கம். முதலாவது, அவர் ஒருபோதும் எண்ணைத் தன் வாயால் முதலில் சொல்ல மாட்டார். நான் படித்துச் சொல்கிறவரை அடுத்த பக்கம் திரும்பி நின்றுகொள்வார். "நாஞ் சொன்னா நீங்க ஆமாம்பீங்க. நம்ம ஊர் அப்படி" என்பார். இரண்டாவது, எண்ணுக்குப் பின்னால் ‘ங்க’ போடக் கூடாது. அவரே எல்லோருக்கும் ‘ங்க’ போடுவார். துணி திருடின காக்கையைக்கூட "போயிருங்க, போயிருங்க" என்றுதான் விரட்டினார். ஆனால் நான் "இருவத்திமூணுங்க" என்றால் முகம் சுருங்கிவிடும்.

"எனக்குப் போடுங்க, வேணாம்னு சொல்லல. எண்ணுக்குப் போடாதீங்க ராசு. போட்டா அது குனிஞ்சுக்கும்."

அப்படியே பல வருடம் போயின. தினக்கூலிதான். மழையில் நனைந்து காய்ச்சல் வந்தாலும் ஏழு மணிக்குப் பெட்டி முன்னால் நிற்பேன். ஊர் சுற்றியே பழகியவன் எப்படி ஒரே இடத்தில் நின்றான் என்று உறவுக்காரர்களுக்கு ஆச்சரியம். நான் எங்கே நின்றேன்? தினம் ஒரு எண் வந்தது. முந்தின நாள் எண் ஒருநாளும் அப்படியே வராது, வந்தால் அதுவே ஒரு அதிசயம். பஸ் சார்ஜ் இல்லாமல் தினம் ஒரு ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது எனக்கு. கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் வந்து, "அன்னைக்கு மழ வருங்களா?" என்பார்கள். "நாங்க நடந்து முடிஞ்சதத்தான் எழுதறமுங்க" என்பேன். ஏமாற்றத்தோடு போவார்கள். எனக்கு அதிலும் சந்தோஷம்.

கரீம் சார் ஓய்வு பெற்றார். அடுத்த அதிகாரி வருகிறவரை இடைக்காலமாக ஒருவரைப் போட்டார்கள். பெயர் வேண்டாம், கெட்டவர் இல்லை. குளிர் தாங்காத உடம்பு. ஏழு மணிக்கு வராந்தாவில் டீத் தம்ளரோடு உட்கார்ந்து, மடியில் பெரிய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொள்வார். நான் பெட்டிக் கதவைத் திறக்கும்போதே அங்கிருந்து குரல் வரும்.

"ராசு, இருவத்திமூணரை இருக்குமா?"

என் கண் முன்னால் 23.2. அவர் பேனா ஏற்கனவே தாளில்.

"இருக்குமுங்க."

என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேசையில்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் காகிதம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பெரியவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு ஆசையாக ஒரு எண் சொல்கிறார், அதை எப்படி இல்லை என்பது? முதல் வாரம் என் பென்சில் நோட்டில் சரியான எண்ணை எழுதினேன். பிறகு இரண்டு புத்தகத்தில் இரண்டு எண் எதற்கு என்று அவருடையதையே எழுதினேன். எட்டு மாதம். அவர் மாற்றலாகிப் போனதும் நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். ஒருவருக்கும் தெரியாது. கரீம் சார் வீட்டுக்கு ரம்ஜானுக்குப் போகும்போது மட்டும் பிரியாணி கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.

இனி எஸ்தர் மேடம். என் வேலையின் கடைசி வருடத்தில் வந்தார். காரமடைப் பக்கம் பிறந்தவர், அவர் அம்மா தோட்டங்களில் களை எடுத்தவர். அதைப் பெருமையாகவும் சொல்ல மாட்டார், மறைக்கவும் மாட்டார். அவருக்குக் கொடுத்த வேலை, பழைய களங்களின் பதிவேடுகளைச் சோதித்து ஒரு நீண்ட தொடராகத் தைப்பது. நம் பக்கத்து வெப்பம் உண்மையில் ஏறியிருக்கிறதா, எவ்வளவு, எதனால் என்று பேச அந்தத் தொடர்தான் ஆதாரம். சோதனையில் தேறினால் பதிவேடு கதவுக்கு வலப்பக்கம் போகும், தேறாவிட்டால் இடப்பக்கம். இடப்பக்கக் குவியல் என் இடுப்பு உயரம். வேறொரு களத்துப் பதிவேட்டை என் எதிரிலேயே இடப்பக்கம் வைத்தார்.

"என்னுங்க மேடம் ஆச்சு?"

"மாசம் முச்சூடும் ஒரே மையி, ஒரே சாய்வுங்கண்ணா. கடைசி நாள் ஒக்காந்து மொத்தமா எழுதிப்போட்டாங்க."

எங்கள் பதிவேடுகள் மேசை நடுவில் இருந்தன. முப்பது வருடத்து ஏழு மணிகள், இரண்டு மணிகள். அவை எந்தப் பக்கம் போகும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. தினம் அவருக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் மேசையைப் பார்ப்பேன்.

ஒருநாள் கட்டம் போட்ட தாளைக் காட்டினார். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு புள்ளி. ஒன்று மேலே, அடுத்தது கீழே, சில இடத்தில் மூன்று புள்ளி வரிசையாகக் கீழே.

"இது ஏறுதுங்களா, எறங்குதுங்களா மேடம்?"

"தள்ளி நின்னு பாருங்கண்ணா."

தள்ளி நின்றேன். மூட்டையைத் தலையில் வைத்தவன் மருதமலைப் படி ஏறுகிற மாதிரி இருந்தது. நாலு படி ஏறுவான், இரண்டு படி இறங்குவான், நிற்பான், மூச்சு வாங்குவான். ஆனால் ஆள் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறான். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தினம் ஒவ்வொன்றாக நான் எழுதிய எண்களுக்கு இப்படி ஒரு உருவம் இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எறும்புக்குத் திடீரென்று யானை தெரிந்த மாதிரி.

அதற்கு இரண்டு நாள் கழித்து என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே வில்லங்கம்தான். தாளில் பத்துக் கட்டம் வரைந்திருந்தார், பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை. புள்ளிக்கு அப்புறம் வரும் எண் எத்தனை தடவை என்னவாக இருக்கிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கோடு போட்டிருந்தார்.

"ஒழுங்காப் படிச்சா பத்துக் கட்டமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ரொம்பணும்ங்கண்ணா. உங்குளுது அப்படித்தான் ரொம்பியிருக்குது, அத்தன அழகு. ஆனா இங்க பாருங்க." இன்னொரு தாளை எடுத்தார். பூஜ்யத்திலும் ஐந்திலும் கோடுகள் குவிந்திருந்தன, மற்றக் கட்டங்கள் காலி. "எட்டு மாசம். எல்லாம் முழுசு, இல்லாட்டி அரை."

நான் அந்தத் தாளை அவர் பக்கமே நகர்த்தினேன்.

மேடம் என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "அந்த எட்டு மாசம் நீங்க லீவுல கீது இருந்தீங்களாண்ணா? வேற யாராச்சும் படிச்சிருப்பாங்க, இருக்குமா?"

அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. என் முகம் வாடக் கூடாது என்று ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார். அந்தக் கதவுக்குச் சாவி ஒரே சொல். அதைச் சொல்லிவிட்டால் எட்டு மாதம் யாரோ ஒருவன் தலையில் போகும், மீதி வருடங்கள் வலப்பக்கம் போகும், நானும் டீ குடிக்கப் போகலாம். நான்தான் என்று சொன்னாலோ, அதே ஆள்தான் எல்லா வருடமும் எழுதியிருக்கிறான். எட்டு மாதம் பொய் எழுதியவன் மற்ற நாளெல்லாம் என்ன செய்தான் என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள். மொத்தமும் இடப்பக்கம்.

அந்த எட்டு மாதமும் இப்படித்தான் வந்தது, ஒரு பெரியவர் ஆசையாகக் கேட்டு, நான் அவர் முகத்துக்காகச் சொல்லி. அது நினைவுக்கு வந்ததும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிரிப்பு வந்தது.

"இல்ல. நாந்தான்" என்றேன்.

எண்ணைத் தவிர்த்து, ஆயுசில் முதல் தடவையாக ஒரு மேலதிகாரியிடம் ‘ங்க’ இல்லாமல் பேசினேன். மேடம் திரும்பிப் பார்த்தார். வராந்தா, டீத் தம்ளர், இருக்குமுங்க எல்லாவற்றையும் சொன்னேன். நிரந்தரக் காகிதத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. சூளையில் கரிக்கூடையை இறக்கி வைத்தவுடன் கால் தரையில் படாத மாதிரி இருக்குமே, அப்படி.

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப மத்த வருசத்த நான் எப்படிங்கண்ணா நம்பறது?"

"நம்பாதீங்க மேடம். சோதிச்சுப்போட்டுச் சொல்லுங்க."

மறுநாளே ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு காரமடைப் பக்கம் போனார். அங்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இன்னொரு பெட்டி. அதன் பதிவேடு ஏற்கனவே வலப்பக்கம் போயிருந்தது. பெட்டி மேல் ஒரு மயில் அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தது. "போயிருங்க" என்றேன், போனது. மேடம் பார்க்க வந்தது அந்த இடத்தை. எங்கள் களத்தைச் சுற்றிக் கட்டடம், தார் ரோடு என்று ஊர் வந்து சூழ்ந்துவிட்டது. அதனால் ஏறின சூடு அந்தக் கட்டடச் சூடுதானோ என்று ஒரு சந்தேகம் உண்டு. இங்கே அன்றும் வாழை, இன்றும் வாழை. இங்கேயும் ஏறியிருந்தால் அதைக் கட்டடத்தின் தலையில் போட முடியாது.

திரும்பி வரும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டேன்.

"அப்ப இது மனுசன் செஞ்ச சூடுன்னு எப்படிங்க மேடம் சொல்றாங்க? சூரியனே கொஞ்சம் எச்சாக் காயலாமுங்களே?"

"சூரியன் எச்சாக் காஞ்சா வானத்துல மேலயும் சுடணும், கீழயும் சுடணும்ங்கண்ணா. ஆனா ரொம்ப ஒசரத்துல குளுந்திருக்குது, கீழதான் சுடுது. பலூன் உட்டும் செயற்கைக்கோள் வச்சும் எத்தனையோ பேரு அளந்துபோட்டாங்க. போர்வைக்குள்ள சூடு, போர்வைக்கு மேல குளிரு. அந்த மாதிரி."

"போர்வையப் போத்துனது நாமன்னு?"

"கரிக்குக் கைரேகை இருக்குதுங்கண்ணா. உசுரோட இருக்கற செடி கொடியில ஒரு தினுசுக் கரிமம் கொஞ்சம் இருக்கும், அது காலம் போகப் போகக் கரைஞ்சு போயிரும். பூமிக்குள்ள கோடிக்கணக்கான வருசம் கெடந்த நிலக்கரியில அது சுத்தமாக் கெடையாது. இப்பக் காத்துல கூடியிருக்கற கரியமில வாயுவப் பாத்தா, அந்தத் தினுசு இல்லாத பழங்கரிதான் வந்து கலந்திருக்குது. அதத் தோண்டி எரிச்சது யாரு? மயிலா?"

நான் புருவத்தைத் தடவிக்கொண்டேன். பிறகு மதுக்கரைச் சூளையைப் பற்றிச் சொன்னேன். அடுக்குக் கல், அடுக்குக் கரி.

"அய்யோ, சுண்ணாம்புச் சூளைங்களா?" மேடம் நெற்றியில் கைவைத்துச் சிரித்தார். "கரியில இருந்தும் வரும், வேகுற கல்லுல இருந்தும் வரும். டபுளுங்கண்ணா நீங்க."

"அப்ப திருடுனதும் நாந்தான், புகார் எழுதுன ஏட்டும் நாந்தானுங்களா?"

"நீங்க மட்டுமில்லீங்க. நாம போற ஜீப் எதுல ஓடுது?"

ஓட்டுநர் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். மூன்று பேரும் காரமடை ரயில்வே கேட்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

பிறகு பதினொரு நாள் காத்திருந்தேன். மேடம் இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மாதமாகப் போனார். பத்தாவது நாள் மேசையிலிருந்து எங்கள் பதிவேடுகளைக் காணவில்லை. இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டையும் பார்க்கப் பயந்துகொண்டு ஓடிவிட்டேன். அடுத்த நாள் அவரே கூப்பிட்டார்.

"ரெண்டு பெட்டியும் அண்ணந்தம்பி மாதிரி நடக்குதுங்கண்ணா. இங்க மேகம்னா அங்கயும் மேகம், அங்க குளிருன்னா இங்கயும் குளிரு. அந்த எட்டு மாசம் மட்டும் உங்க பெட்டி நொண்டுது. அதுக்கு முன்னயும் நொண்டல, பின்னயும் நொண்டல."

"அந்த எட்டு மாசத்துனால எதாச்சும் மாறிப்போச்சுங்களா?"

"வச்சுப் பாத்தேன், எடுத்துப் பாத்தேன். ஏறுறது ஏறிக்கிட்டுத்தான் இருக்குது. இருந்தாலும் எடுத்துப்போட்டேன்."

கதவுக்கு வலப்பக்கம் காட்டினார். எங்கள் பதிவேடுகள் சிவப்பு நாடா கட்டி நின்றன. மேலே ஒரு குறிப்புத் தாள்: எட்டு மாதம் நீக்கப்பட்டது, வாசித்தவரே தவறைத் தெரிவித்தார், மற்றவை ஏற்கப்பட்டன. மேடம் சொன்னபடி, ஏறுவது இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஊருக்குள் கொஞ்சம் எச்சு. அந்தக் கொஞ்சம் கட்டடத்துடையது. மீதி போர்வையுடையது.

அன்று மதியம் இரண்டு மணி வாசிப்பை முடித்துவிட்டு, கரீம் சாரைப் பார்க்க உக்கடம் பஸ் பிடித்தேன். உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மாவிடம் தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"ஏறியிருக்குதுங்க, நெஜமாலுமே ஏறியிருக்குது."

"என்னுங்க, பூ வெலயா?"

"இல்லீங்க, சூடு."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கா இந்தச் சிரிப்பு சிரிக்கறீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தேறியதற்கு அர்த்தம் என்ன? என் எண்கள் சரி என்றால், பெட்டிக்கு வெளியே நடப்பதும் சரி என்றுதானே ஆகிறது. தப்பாக இருந்திருந்தால் எனக்கு அவமானம், ஊருக்கு நல்லது. நான் அவமானப்பட்டாலும் ஊரில் சூடு குறையப்போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பார்த்தேன். பாதிதான் அடங்கியது.

கரீம் சார் வீட்டுக் கூடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே சொன்னேன். தேறியதை முதலில், தப்பை அப்புறம். சின்னதை முதலில் சொல்லிப் பழகியவன் அன்றைக்கு மாற்றிச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். "எத்தன மாசம்?"

"எட்டு."

"சரி. ‘ங்க’ போடல" என்றார். உள்ளே திரும்பி இரண்டு டீ கேட்டார். அந்த டீ தொண்டையில் நிற்கவில்லை.

இப்போது கம்பத்துக்கு வருகிறேன். அந்தத் தானியங்கி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதற்கு நிரந்தரக் காகிதம் தேவையில்லை, வராந்தாவிலிருந்து யார் குரல் கொடுத்தாலும் அதற்குக் காது கிடையாது. வேலிக்கு வெளியே நின்று அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

வரும் வழியில் எங்கள் தெரு முனை டீக்கடையில் நின்றேன். பதினைந்து வருடப் பழக்கம், மாஸ்டர் தங்கமான மனுசன். நெற்றி வேர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே டீ ஆற்றினார்.

"என்னுங்கண்ணா வெய்யிலு இது. மனுசன் செஞ்சு சூடாகுதுன்னு டிவியில என்னமோ சொல்றானுங்க. அதெல்லாம் சும்மாங்க. எல்லாக் காலத்துலயும் இப்படித்தான் இருந்திருக்கும், இருக்குமுங்களே?"

ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கடையில் நாலு பேர் வேறு பார்த்தார்கள். நான் கடைக் கரியடுப்பிலிருந்து ஒரு அடி தள்ளி நின்று, மூச்சை முழுக்க வெளியே விட்டேன்.

"இல்ல மாஸ்டர். அப்பெல்லாம் இப்படி இல்ல. மனுசன் செஞ்சதுதான், நானும் சேந்துதான் செஞ்சேன். ஏறியிருக்குது."

மாஸ்டர் சர்க்கரை போட மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.